பெட்டிக்குள் கீ இல்லையா? புதிய மென்பொருள் வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "பெட்டியில் கீயே இல்லை", "கீ போட்டேன், தப்பு என்கிறது" என்று நிறையப் பேர் அழைக்கிறீர்கள். கீ என்பது, மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள் என்று காட்ட நீங்கள் அடிக்கும் குறியீடு. அது ஏற்கப்பட்டு மென்பொருள் முழுமையாகத் திறப்பதைத்தான் ஆக்டிவேட் என்கிறோம். போனில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறோம்.

முதலில், மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி மறுபடி நிறுவிப் பார்க்காதீர்கள். கீ சிக்கல் அதனால் தீர்வது அபூர்வம். பதறவும் வேண்டாம். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ், திரையின் வலது கீழ் மூலையில் மங்கலாக ஒரு வரியைக் காட்டும், வால்பேப்பரை மாற்ற விடாது. மற்றபடி வேலை ஓடும். ஆபீஸ் கொஞ்சம் கறார். கெடு முடிந்ததும் கோப்பைத் திறந்து படிக்க விடும், திருத்த விடாது. கோப்புகள் அழியாது.

இனி, வாங்கியது எந்த வகை என்று பாருங்கள். கீ காணோம் என்று வரும் அழைப்புகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கிறது.

விண்டோஸ் போட்டே வந்த மடிக்கணினி என்றால் அடிப்புறத்தில் கீ ஒட்டியிருக்காது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல், தயாரிப்பாளர்கள் கீயைக் கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் சிப்பிலேயே பதித்துவிடுகிறார்கள். இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். அதே கணினியில் கூடவே வந்த ஆபீஸுக்கும் தனிக் கீ கிடையாது. வேர்டைத் திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் ஆக்டிவேட் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் இதைச் செய்துவிட வேண்டும். கவனம், எந்தக் கணக்கில் முதலில் நுழைகிறீர்களோ அதோடு அந்த ஆபீஸ் ஒட்டிக்கொள்ளும். கணினியை அமைத்துக் கொடுக்க வந்த தம்பி அவசரத்துக்குத் தன் கணக்கைப் போட்டுவிட்டால், பிறகு அவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அடோபி கிரியேட்டிவ் கிளவுட் போன்ற சந்தா மென்பொருள்களிலும் இதே கதைதான். சந்தா எந்த மின்னஞ்சலில் பதிவானதோ அதில் நுழைந்தால் போதும், கீ கேட்காது.

அட்டைப் பெட்டியாக வாங்கியவர்கள் பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் இன்னொரு தடவை உதறிப் பாருங்கள். இப்போதெல்லாம் பெரும்பாலும் குறுந்தகடு வருவதில்லை. பல பெட்டிகளில் கையளவு அட்டை ஒன்றுதான் இருக்கும், கீ அதன் உட்பக்கத்தில் வெள்ளிப் பூச்சுக்கு அடியில். நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். காசின் விளிம்பை வைத்து அழுத்தினால் பூச்சோடு எழுத்தும் வந்துவிடும்.

எங்கள் பக்கத் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில அட்டைகளில் உள்ள கீ, கவுன்டரில் ஸ்கேன் செய்து விற்பனையைப் பதிவு செய்த பிறகுதான் உயிர் பெறும். கூட்ட நேரத்தில் பில் மட்டும் போட்டு அட்டையை ஸ்கேன் செய்ய மறந்திருந்தால், கீயைச் சரியாக அடித்தாலும் "விற்பனையாளர் இன்னும் ஆக்டிவேட் செய்யவில்லை" என்ற பொருளில் செய்தி வரும். அந்தச் செய்தி வந்தால் கணினியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அட்டையையும் பில்லையும் கொண்டு வாருங்கள்.

மின்னஞ்சலில் கீ வர வேண்டியவர்கள் மின்னஞ்சலில் ஸ்பேம், புரமோஷன்ஸ் என்ற இரண்டு பகுதிகளையும் பாருங்கள். பில்லில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கீ வேறு யாருக்கோ போயிருக்கலாம். வந்த மடலில் இருக்கும் ஆர்டர் எண்ணைக் கீ என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு. விண்டோஸ், ஆபீஸ் கீ என்றால் 25 எழுத்து, ஐந்தைந்தாக ஐந்து தொகுதி. செட்டிங்ஸில் "புராடக்ட் ஐடி" என்று தெரிவது 20 எழுத்து. அது கீ அல்ல, அதை வைத்து ஆக்டிவேட் செய்யவும் முடியாது.

எழுத்து தெளிவாக இல்லையா? இந்த 25 எழுத்துக் கீயில் ஓ, ஐ, எல், எஸ், இஸட் ஆகிய எழுத்துகளும், 0, 1, 5 ஆகிய எண்களும் வராது. குழப்பம் வரக் கூடாதென்றே விலக்கியிருக்கிறார்கள். ஆகவே இஸட் போலத் தெரிவது 2, எஸ் போலத் தெரிவது பெரும்பாலும் 8. வட்டமாக இருந்தால் அது க்யூ அல்லது டி (டாக் டி). போனில் கீயைப் படித்துக் காட்டும்போது "பி", "டி" என்று மட்டும் சொன்னால் எங்களுக்குப் புரியாது; பால் (பந்து) பி-யா, பேப்பர் பி-யா, டாக் டி-யா, டைகர் டி-யா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆபீஸ் அட்டைக் கீயை ஒருமுறை கணக்கில் சேர்த்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. மறுபடி அடித்தால் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்றுதான் வரும். உங்களுடைய மற்ற மின்னஞ்சல் கணக்குகளிலும் நுழைந்து பாருங்கள். ஆபீஸ் அவற்றில் ஒன்றில் உட்கார்ந்திருக்கும், அங்கிருந்தே நிறுவிக்கொள்ளலாம்.

பிழை எண் வந்தால் அதன் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். சி004எஃப்050 என்றால் கீ தவறாக அடிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பதிப்பு பொருந்தவில்லை. ஹோம் கீயைப் புரோவில் போட்டால் ஏறாது. சி004சி008 என்றால் அந்தக் கீ வேறு கணினியில் பயன்பாட்டில் இருக்கிறது. சி004சி003 என்றால் கீயையே தடை செய்திருக்கிறார்கள். எங்களிடம் வாங்கிய கீக்கு இந்த இரண்டில் ஒன்று வந்தால் உடனே தெரிவியுங்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள். சி004எஃப்074 வந்தால், கணினி ஏதோ ஒரு நிறுவன சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறது. நிறுவனங்களுக்கான பதிப்பை யாரோ முன்பே நிறுவியிருக்கிறார்கள். அது ஆபீஸ் என்றால் மட்டும், நீக்கி நிறுவாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு விதிவிலக்காக, அதை நீக்கிவிட்டு உங்கள் கணக்குப் பக்கத்திலிருந்து புதிதாக நிறுவ வேண்டும்.

எண்ணே வராமல் வெறுமனே "சர்வரை அணுக முடியவில்லை" என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி ஒரு வருடம் பின்னால் இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், இணைப்பு முறியும். தேதியைத் திருத்திய பிறகும் அணைத்துப் போடும்போதெல்லாம் பின்னால் போகிறதென்றால், மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது.

கணினியில் உள்ள கீயைத் தேடித் தருவதாகச் சொல்லி "கீ ஃபைண்டர்" என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருள்களை இறக்காதீர்கள். சிலவற்றோடு வைரஸும் இறங்கும். நல்லவையும்கூட 3வி66டி என்று முடியும் ஒரு கீயைக் காட்டலாம். அது விண்டோஸ் புரோவின் பொதுக் கீ, எத்தனையோ கணினிகளில் அதுவேதான் இருக்கும். எழுதி வைத்துப் பயனில்லை.

தொலைந்த கீக்கு நகல் எங்களிடம் கிடையாது. மைக்ரோசாஃப்டும் தன் சொந்த இணையக் கடையில் விற்ற கீகளுக்கு மட்டுமே பதிவு வைத்திருக்கிறது. சுரண்டியதும் ஒரு படம் எடுத்துப் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

கடைக்கு வருகிறவர்கள் பில், அட்டை, பெட்டி, பிழைச் செய்தி முழுதும் தெரியும்படி எடுத்த படம் ஆகியவற்றோடு வாருங்கள். விண்டோஸ் சிக்கல் என்றால் செட்டிங்ஸில் ஹோம் என்று இருக்கிறதா, புரோ என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்கேன் செய்யாமல் விட்ட அட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டாம், நேரே கவுன்டரில் கொடுங்கள்.

இப்படிக்கு,
விற்பனை மற்றும் சேவைப் பிரிவு