எதிர்வீட்டுக் கணக்கு நோட்டு

கீழக்கரை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை இன்னும் தைலம்தானா? இங்கே கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. வாசலைப் பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி மணல்.

“ரிட்டயர் ஆனவள் கோயில் குளம் என்று போகாமல் அரபுத்தமிழ் படிக்கிறாயாமே, என்னடி பைத்தியம்?” என்று கேட்டிருந்தாய். இதையேதான் என் நாத்தனாரும் கேட்டாள், குரல்தான் வேறு. அவளிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். உன்னிடம் உள்ளதைச் சொல்கிறேன்.

எதிர்வீட்டு லாத்தா (இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்), அவருடைய உம்மாவின் தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கணக்கு நோட்டு, வலமிருந்து இடமாக அரபு எழுத்து. ஏதோ ஓதுகிற விஷயம் என்று நினைத்தேன். லாத்தா வாசிக்கிறார்: அரிசி, கருப்பட்டி, மீன்காரிக்குப் பாக்கி! அத்தனையும் தமிழ். இதுதான் அரபுத்தமிழ். காலமெல்லாம் தமிழ் டீச்சர் என்று பேர் வாங்கினவளுக்கு அதில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை என்றால் ரோஷம் வராதா? முதல் காரணம் அந்த ரோஷம்தான்.

அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி எழுத்து உண்டாக்கியிருக்கிறார்கள். இங்கே, காயல்பட்டினத்தில், இலங்கையில் எல்லாம் இது புழங்கியிருக்கிறது. இங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இதில் நூல்களே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாத பெண்கள்கூட, ஓதக் கற்ற எழுத்தை வைத்தே கடல் கடந்து போன புருஷனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது.

இரண்டாவது காரணம் என் பெண். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு எப்படி ஆனது என்று உனக்குத் தெரியும். இங்கே இந்த முஸ்லிம் குடும்பங்களுக்குள் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெருநாளுக்கு முந்தின நாள் லாத்தா, மகள், பேத்தி மூவரும் மாற்றி மாற்றித் தொதல் கிண்டினார்கள். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் கறுத்துத் திரண்டு, எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் வரும்வரை கை ஓயக்கூடாது. யாருக்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் இல்லை. பொறாமையாக இருந்ததடி.

வாய்விட்டும் சொல்லிவிட்டேன். லாத்தா சிரித்தார். “நாலு பொம்பளைப் புள்ளைக்கும் வீடு கட்டிக் கொடுத்தே எங்க வாப்பா கொழும்புல ஓஞ்சு போனாங்க, டீச்சர்” என்றார். அந்தக் கஷ்டம் எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் இவர்கள் வழக்கம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெண் என்றால் புறப்பட்டுப் போயாக வேண்டும் என்பதை நான் மழை வெயில் மாதிரி நினைத்திருந்தேன். தெரு தாண்டினால் அது வேறு மாதிரி. இதைத் தெரிந்துகொண்டதில் மனசுக்கு ஒரு ஆறுதல், கொஞ்சம் கோபமும்.

இந்த ஊரில் ஒருவர், மத நல்லிணக்கத்துக்காக எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று அலைகிறார். ரோஷத்துக்கும் பொறாமைக்கும் யாராவது பொன்னாடை போர்த்துவார்களா? கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

அரபு நாட்டில் மழை பெய்து ஆறு ஓடி நெல் விளைவதாக உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் பாடியதை நாம் கல்லூரியில் கேலி செய்வோமே, நினைவிருக்கிறதா? இப்போது கேலி வரவில்லை. அவர் தம் தமிழ் மண்ணைத்தான் அங்கே கொண்டுபோயிருக்கிறார். இங்கே பழைய ஜும்ஆ பள்ளிவாசல் தூண்களும் கோயில் மண்டபத் தூண் மாதிரிதான் இருக்கின்றன. நீ வந்தால் காட்டுகிறேன்.

பொங்கலுக்குப் பெண் வருகிறாள், நீயும் வா. லாத்தா உனக்கென்று தொதல் எடுத்து வைக்கிறேன் என்கிறார். சர்க்கரை ஏறியிருந்தால் இப்போதே சொல்லிவிடு, உன் பங்கையும் நானே தின்றுகொள்கிறேன்.

அன்புடன்,
மங்கை