என் தம்பிக்குத் துணை நின்றவர்களுக்கு

பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மக்களுக்கும், தருமபுரியில் கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம். தம்பியிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி உரக்கடை அண்ணனுக்கு. தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாமல் தோட்டத்தை அப்படியே விட்டிருந்த நேரம். மருந்து கேட்டு வந்த தம்பியிடம், "காஞ்சு கெடக்கிற செடிக்கு எதுக்குப்பா மருந்து?" என்று கேட்டிருக்கிறார். அவன் முகத்தைப் பார்த்ததும் விற்கவில்லை. உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "சாகணும்னு ஏதாவது நெனப்பு இருக்கா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலருக்குப் பயம். அப்படி ஆகாது, தாராளமாகக் கேட்கலாம் என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். தம்பி அங்கேயே உடைந்து அழுதிருக்கிறான். நான் போய்ச் சேரும்வரை அண்ணன் வேறு வியாபாரமே பார்க்கவில்லை.

அன்று இரவு 104 மருத்துவ உதவி எண்ணில் பேசிய தங்கைக்கு நன்றி. அவனைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், விடிந்ததும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள் என்று நிதானமாகச் சொன்னார். சித்தப்பா உடனே எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப்போய், தன் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினார். சாவி இன்னும் அவரிடம்தான். தம்பியின் கூட்டாளிகள் முறைபோட்டு வந்து அவனோடு படுத்தார்கள். "பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாத்தியா" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு மருத்துவருக்கு நன்றி. கடன் மட்டும் காரணமில்லை, தூக்கம் கெட்டு மனச்சோர்வு முற்றியிருக்கிறது என்றார். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தாதே என்று அவனுக்குப் புரியும்படி சொன்னார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று அம்மா பயந்தார். தற்கொலைக்கு முயற்சி செய்தவர்களைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் வருட மனநலச் சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லி அம்மாவைத் தேற்றியதும் அவர்தான்.

தவணை கேட்டு வாசலில் வந்து சத்தம் போட்டவர்களிடம், மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் நம் மாநிலத்தில் வந்த சட்டத்தைச் சொல்லி அவகாசம் வாங்கித் தந்த மகளிர் குழு அக்காவுக்கும் நன்றி.

யார் வீட்டிலாவது இப்படி ஒரு நிலைமை இருந்தால், 104 அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

தம்பி இதைப் படித்துவிட்டு, மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் அக்காவை விட்டுவிட்டாய் என்றான். என்ன வியாதிக்கு என்று நாலு பேர் காதில் விழாமல், எதை எப்போது போட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் மெதுவாகச் சொல்லி அனுப்புகிறாராம். அக்கா, அவன் சார்பில் உங்களுக்கும் நன்றி.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா