கண்மாய் மறுகால் போகிறது

அன்புள்ள தம்பி குமாருக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் பாப்பாவும் நலமா? போன் போட்டால் "சரிப்பா, வேலை கிடக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

இந்த வருசம் கண்மாய் பெருகி மறுகால் போகிறது. தண்ணீர் வழிந்தோடும் கலுங்கில் பையன்கள் வேட்டியை விரித்து ஜிலேபிக் கெண்டை பிடிக்கிறார்கள். விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகின்றன. கல்லை விட்டெறிந்தால் அடியில் காவலுக்குக் கிடக்கும் தாய் மீன் தண்ணீரைக் கலக்கிவிடும்.

பாப்பா சாப்பிடுகிறாளா? உங்கம்மா கேட்கச் சொன்னாள். ரெட்டைச்சடை யார் பின்னிவிடுவது என்றும் கேட்டாள். நீ அனுப்பிய படத்தில் ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே இருந்ததாம். எனக்கு அதெல்லாம் தெரியாது.

மேலச்செல்வனூருக்கு ஒருநாள் போய் வந்தேன். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நாட்டுக்கருவேல மரங்களில் இடம் விடாமல் கூடு கட்டியிருக்கின்றன. எச்சமும் மீன் கவிச்சியுமாக மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் குறைத்துப் போட்டால் போதும் என்று சம்சாரிகள் சொல்கிறார்கள். அது சரிதான், மடை திறந்தவன் நான், எனக்குத் தெரியும். 1998-ல் அதைச் சரணாலயம் ஆக்கிய சமயம் என் தோளில் உட்கார்ந்து நாரை எண்ணியவன் நீ. பக்கத்துச் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது பேப்பரை வெட்டி வைத்தேன். வந்தால் காட்டலாம் என்று பார்த்தேன். வந்தாய், ஒரே ராத்திரியில் கிளம்பிவிட்டாய்.

முளைப்பாரித் திருவிழாவுக்கு நீயும் பாப்பாவும் மட்டும் வந்ததை ஊரில் கேட்டார்கள். மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன்.

ஊருணியைச் சொல்லாமல் விட்டேனே. நம் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான், கடல் பக்கத்தில் வேறென்ன வரும். ஊருணி நிறைந்தால்தான் குடத்துக்கு வழி. அதில் கோரைக்கு நடுவே முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டியிருக்கிறது. நான் கரையில் இறங்கியதும் பாசியை அலகால் இழுத்து முட்டையை மூடிவிட்டு முங்கியது. பார்த்தால் வெறும் குப்பைதான் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். வந்து பாசியை விலக்கிவிட்டு அடைக்கு உட்கார்ந்தது.

அந்தப் பக்கம் அல்லி இலை மேலே நீளவால் இலைக்கோழி. விரலைப் பார்க்க வேண்டும் நீ! அவ்வளவு நீளம். அதைப் பரத்தி வைத்து நடப்பதால் இலை அமுங்குவதே இல்லை. முட்டை நாலு. அடைகாப்பது சேவல்தான். பெட்டை முட்டை இட்டுவிட்டு இன்னொரு சேவலைத் தேடிப் போய்விடும். பொரித்த பிறகும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் குளிருக்கு இறக்கைக்குள் அணைப்பதும் சேவலே. ஒத்தை ஆளாக நன்றாகத்தான் வளர்க்கிறது. நான் பறவையைத்தான் சொல்கிறேன். நீ வேறெதுவும் நினைத்துக்கொள்ளாதே.

ராத்திரி நேரத்தோடு படு. வெளிச் சாப்பாடு வாங்காதே. பாப்பாவுக்குச் சளி பிடித்தால் உடனே டாக்டரிடம் காட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே. வெளிச் சாப்பாடு வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன். நீ கெட்டிக்காரன், சமாளிப்பாய். ஆனால் எதை என்று எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம். நாங்கள் யாரையும் குறை சொல்லப் போவதில்லை.

உங்கம்மா பையைக் கட்டி வைத்துவிட்டாள். கருவாடு, வீட்டுப் புளி, பாப்பாவுக்கு ரிப்பன். சேது எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறேன், எழும்பூருக்கு நீ வந்து கூட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கட்டில் வேண்டாம், பாப்பா பக்கத்தில் பாய் போட்டால் போதும். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், நான் சொல்லியிருக்கிறேன். எந்தக் கிழமை என்று மட்டும் போனில் சொல், டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா