நீ அனுப்பின குளிசைப் போத்தல்

அன்புள்ள மகனுக்கு,

பார்சல் செவ்வாய்க்கிழமை கல்லடிக்கு வந்து சேர்ந்தது. சொக்லேட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று நீ அனுப்பின கிரீன் டீ குளிசைப் போத்தல் மட்டும் மூடி திறக்காமல் சாமித்தட்டுக்குக் கீழே இருக்கிறது. கோபப்படாதே, நான் அதைப் போடப் போவதில்லை. நீயும் அதையே தினம் போடுகிறாய் என்று மருமகள் சொன்னாள், அதனால்தான் எழுதுகிறேன்.

தேயிலையில் கட்டெச்சின் என்ற இயற்கைச் சேர்வை இருப்பது உண்மைதான். பச்சைத் தேயிலையில் அது அப்படியே இருக்கும், நாம் குடிக்கிற தேயிலையில் கொழுந்தை நொறுக்கிக் காற்றுப்பட விடும்போது அதில் ஒரு பங்கு தியாஃபிளவின் என்ற இன்னொரு சேர்வையாக மாறுகிறது, பிளேன்டீயைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே அந்தச் செம்பொன் நிறம், அதில் இதற்கும் பங்குண்டு. கோப்பியில் அதேபோல் குளோரோஜெனிக் அமிலம் என்ற சேர்வை இருக்கிறது. இவற்றில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய் அங்குள்ள பக்டீரியாக்களால் உடைக்கப்படுகிறது, பெருங்குடல் புற்றுநோயோடு சேர்த்து இவற்றை ஆராய்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களின் மேல் இவற்றை விட்டால் வளர்ச்சி குறைகிறது. ஆனால் அங்கே விடுகிற அளவு, எத்தனை கோப்பை குடித்தாலும் ரத்தத்தில் ஏறாது மகன். மனிதருக்கு இது புற்றுநோயைத் தடுக்கும் என்று இன்னும் உறுதியாகவில்லை. குளிசையில் வேறு பயமும் இருக்கிறது: ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. (பச்சைத் தேயிலையின் முக்கிய கட்டெச்சின்) அல்லது அதற்கு மேல் குளிசையாக எடுத்தால் ஈரல் பாதிக்கப்படக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் சொல்லியிருக்கிறது. உன் போத்தலில் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, பார்த்தாயா?

அப்பா நாளுக்கு ஆறு தேத்தண்ணி குடித்த மனிதர். இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு கடி பனங்கட்டியோடு. அவருக்குத்தான் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. ரத்தம் போனதை மூலம் என்று சொல்லிச் சொல்லி எட்டு மாதம் கை வைத்தியம் பார்த்தார், முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நானும் அதை நம்பிக்கொண்டு இருந்தேன். இன்றைக்கும் அது என் நெஞ்சை அறுக்கிறது.

அப்பாவும் நீயும் ஒரே ரத்தம், நான் வேறு. நீ எனக்குக் குளிசை அனுப்புகிறாய், எனக்கு உன்னை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. பெற்றவருக்கு 60 வயதுக்கு முன் இது வந்திருந்தால் பிள்ளை 40 வயதில் கொலனோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை, செய்ய வேண்டும், இல்லையென்றால் அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முந்தி வருகிறதோ அது என்று அமெரிக்க வழிகாட்டல் சொல்கிறது. அப்பாவுக்கு அப்போது 48. உனக்கு வருகிற ஆவணியில் 38. குடலில் சின்னச் சதைமுளையாகத் தொடங்குவது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போகும், அதற்குள் கண்டால் அந்தக் குழாயாலேயே வெட்டி எடுத்துவிடுவார்கள்.

தேத்தண்ணியைக் குடி, நல்லா ஆறவிட்டுக் குடி. டொக்டரிடம் அப்பாவின் வயதையும் சேர்த்துச் சொல்லு. தங்கச்சிக்கும் இதே கணக்குத்தான், அவளுக்கு நான் எழுதுகிறேன். திகதி கிடைத்த உடனே எனக்குக் கோல் எடு, அன்றைக்கு நான் மாமாங்கத்துப் பிள்ளையாரிடம் போக வேண்டும்.

அம்மா