மெஷின் பில்லைக் கொள்முதலில் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுதொழில் கடன், மானியம் பற்றி நாளிதழ்களில் நிறைய வருகிறது. அந்தக் கடனில் வாங்கிய மெஷினைக் கணக்கில் எப்படி ஏற்றுவது என்பதுதான் வருவதில்லை. வியாபாரச் சரக்கோடு சேர்த்து மெஷின் பில்லையும் கொள்முதலில் எழுதிவிடுகிறார்கள். அந்த வருடம் மொத்த லாபம் படுத்துவிடும். அடுத்த கடனுக்குப் போனால் வங்கியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கோவையில் ஒரு பட்டறை 20 லட்சம் ரூபாய்க்கு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி 3,60,000. லாரி, கிரேன் வாடகை 25,000. அஸ்திவாரக் கான்கிரீட், வயரிங் 50,000. ட்ரையல் ஓட்டிய செலவு 5,000. ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுத்தால், அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டால், அடக்கவிலை 20,80,000. கிரேனையும் கான்கிரீட்டையும் இதர செலவில் தள்ளக் கூடாது. கிரெடிட்டும் எடுத்து, அதே வரித்தொகைக்குத் தேய்மானமும் (மெஷின் தேய்வதற்காக வருடாவருடம் செலவாகக் கழிக்கும் தொகை) கேட்பது அதைவிட மோசம். சட்டப்படி இரண்டில் ஒன்றுதான். கிரேன்காரருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், வரிக் கணக்கில் அந்தத் தொகை அடக்கவிலையில் சேராது.

வருமான வரிக்கு வழக்கமான தேய்மானம் 15 சதவீதம். முதல் வருடம் 3,12,000. அடுத்த வருடம் மிச்சமுள்ள 17,68,000-க்கு மட்டும் 15 சதவீதம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதல் வருடம் பாதிதான், 1,56,000. இங்கே பில் தேதி செல்லாது, உபயோகத்துக்கு வந்த தேதிதான் கணக்கு. செப்டம்பரில் வந்திறங்கிய மெஷின், கூடுதல் மின்லோடு கிடைக்காமல் நவம்பர் வரை தார்ப்பாய் மூடிக் கிடந்தால் பாதிதான். இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டைப் பில்லோடு பின் அடித்து வையுங்கள்.

தவணையில் வட்டி மட்டுமே செலவு. அசல், கடன் பாக்கியைக் குறைக்கும். மெஷின் ஓடுமுன் விழுந்த வட்டியோ அடக்கவிலையில் சேரும். முழுத் தவணையையும் செலவெழுதி, தேய்மானமும் போட்டால் ஒரே பணத்தை இருமுறை கழித்ததாகிவிடும். பின்னாளில் பேரிங், பெல்ட் மாற்றுவது பராமரிப்புச் செலவு. அதைச் சொத்தில் ஏற்ற வேண்டாம்.

பழைய லேத்தை விற்ற பணத்தைப் பலரும் 'ஸ்கிராப் வரவு' என்று எழுதுகிறார்கள். வரிக் கணக்கில் அது, ஒரே தேய்மான விகிதமுள்ள மெஷின்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பின் மதிப்பில் கழிய வேண்டியது. நம் கணக்குப் புத்தகத்திலோ, விற்ற விலைக்கும் அன்றைய ஏட்டு மதிப்புக்கும் (தேய்மானம் போக மிச்சமுள்ள மதிப்பு) உள்ள வித்தியாசம் மட்டுமே லாபம் அல்லது நஷ்டம்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர், கோயம்புத்தூர்