உதாரண வாக்கியம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலச் சொற்பயிற்சி நூல்கள் தொகுப்பவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அதிகம் புழங்காத சொற்களுக்கு நீங்கள் தரும் உதாரண வாக்கியங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

'கோவாகுலேட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் கையில் இருக்கும் நூலில் 'உறைதல்' என்று பொருள் போட்டு, அந்தத் திரவம் கோவாகுலேட் ஆனதை விஞ்ஞானி கவனித்தார் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் இருக்கிறது. சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். கொதித்தது, ஆவியானது, நிறம் மாறியது என்று எதைப் போட்டாலும் பொருந்தும். பிறகு அதில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்வது?

அதைப் படித்த மாணவி ஒருத்தி, ஐஸ் பெட்டியில் தண்ணீர் கோவாகுலேட் ஆனது என்று எழுதினாள். அவள் மேல் தப்பே இல்லை. தமிழில் ரத்தமும் உறையும், தயிருக்கு ஊற்றிய பாலும் உறையும், குளிரில் தண்ணீரும் உறையும். மலாய் மொழியிலும் அப்படித்தான். உறைந்த ரத்தம் 'டாரா பெக்கு', கடையில் விற்கும் உறைந்த கோழி 'செஜுக் பெக்கு'. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இரண்டு மொழிகளும் சேர்த்து வைத்திருப்பதை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. தண்ணீர் குளிரில் கட்டியாவதற்கு அங்கே 'ஃபிரீஸ்' என்று தனிச் சொல். ரத்தம், முட்டையின் வெள்ளைக்கரு, ரப்பர் பால் போன்றவற்றில் கலந்திருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதுதான் கோவாகுலேட். ஐஸ் உருகினால் மறுபடி தண்ணீர். திரண்ட ரப்பர் மறுபடி பாலாகாது.

இதைச் சொல்லித் தர விஞ்ஞானி எதற்கு? இது பால்மரக்காட்டு ஊர், அதாவது ரப்பர்த் தோட்டத்து ஊர். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. பால் எடுத்துப் போன பிறகு மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் கிண்ணத்தில், சொட்டும் பால், கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால் தானாகவே உறைந்து கட்டிப்பால் ஆகும். எடுத்துப் போன பாலைத் தோட்டத்து ஸ்டோரில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்கள். தானாக உறைவது, ஒருவர் உறைய வைப்பது: ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இதே வினைச்சொல். இரண்டு வாக்கியம் போதும், சொல்லின் இரு பயன்பாடும் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் மூன்றாவதாக, உறையாமல் இருக்கப் பாலில் அமோனியா கலந்தார்கள் என்று ஒன்று சேர்த்தால் எதிர்ப்பக்கமும் தெரியும்.

இது பரீட்சைக்கு மட்டும் வேண்டிய சொல்லும் அல்ல. தாத்தா சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரைத் தாளில் இதே சொல் கொஞ்சம் உருமாறி, முன்னால் 'ஆன்டி' சேர்ந்து, 'ஆன்டிகோவாகுலன்ட்' என்று நிற்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பேத்தியாகத்தான் பல நேரம் இருக்கிறாள்.

எல்லாச் சொல்லுக்கும் மூன்று வாக்கியம் போட இடம் இல்லை என்பீர்கள். சரி, சொற்களைப் பாதியாகக் குறையுங்கள். மறைத்துப் படித்தாலும் இந்தச் சொல்தான் வர வேண்டும் என்று பிள்ளை கண்டுபிடிக்கும்படியான வாக்கியங்களை மட்டும் அச்சுக்கு அனுப்புங்கள். தோட்டத்து வேலை பற்றிச் சந்தேகம் வந்தால் வாருங்கள். மங்கு துடைத்த கைகள் இந்த ஊரில் இன்னும் நிறைய இருக்கின்றன, நானே அழைத்துப் போய்ப் பேச வைக்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் டியூஷன் ஆசிரியை ஒருவர்