பிளிமத்திலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? நைட் ஷிஃப்ட் பழகிவிட்டது. குளிரைவிடக் கடல் காற்றுதான் படுத்துகிறது. குடையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. இப்போது நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

இங்கே இங்கிலாந்தில், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டம் என்றால் உயிரை விடுகிறார்கள். வார்டில் ஒரு பெரியவர், இந்த ஊர் கிளப்பில் அந்தக் காலத்தில் ஆடிய ஜிம்மி பீட்டர்ஸைப் பற்றிச் சொன்னார். அவரும் உங்களைப் போலத் தச்சர், அப்பா. இங்கிலாந்துக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர். தகப்பனார் மேற்கிந்தியத் தீவுக்காரர். சர்க்கஸில் சிங்கம் அடித்து இறந்துவிட்டார். பையனும் சர்க்கஸில் குதிரை மேல் வித்தை காட்டியிருக்கிறான். கை ஒடிந்ததும் கைவிட்டுவிட்டார்கள். அநாதை இல்லத்தில் வளர்ந்து, தச்சு வேலை கற்று, 1902-இல் பிளிமத் வந்தார்.

1906 மார்ச்சில் ஸ்காட்லாந்தோடு அவருடைய முதல் சர்வதேச ஆட்டம். அந்த ஆட்டத்துக்குத் தரும் கல்கத்தா கோப்பை, நம் ஊர் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது!

அதே வருஷம் தென்னாப்பிரிக்க அணி வந்தது. எதிரே இந்த வட்டாரத்து டெவன் அணியில் இவரைப் பார்த்ததும் ஆட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். சமாதானம் பேசித்தான் ஆட்டம் நடந்தது. அவர்களை விடுங்கள். அப்புறம் இங்கிலாந்து அவர்களோடு மோதியபோது, சொந்த நாட்டுக்காரர்களே இவரை ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறாதது அதுதான். மறு வருஷம் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 5 ஆட்டங்கள்.

1910-இல் கப்பல் தளத்தில் வேலை செய்யும்போது மூன்று விரல்கள் போய்விட்டன. மூன்று விரல் இல்லாமல் உளியை எப்படிப் பிடிப்பது, அப்பா? எங்கள் வார்டில் விரல் போனவர்களுக்குக் கட்டுப் பிரித்தால், மிச்ச விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பார்கள். அப்போது எதுவும் பேச மாட்டார்கள். இவர் அந்தக் கையோடு தொடர்ந்து ஆடினார்!

1912-இல் காசு வாங்கினார் என்று விலக்கிவைத்தார்கள். அவர் ஆடிய வகை ரக்பியில் அப்போது காசு வாங்கக் கூடாது. வசதியானவர்களுக்குச் சரி, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகிறவனுக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்? வடக்கே பாரோவுக்குப் போய், காசு தரும் இன்னொரு வகை ரக்பியான ரக்பி லீகில் சேர்ந்தார். பிறகு செயின்ட் ஹெலன்ஸில் ஆடினார். 1954 வரை வாழ்ந்தார்.

பணம் அனுப்பியிருக்கிறேன். மரம் அறுக்கும் மெஷினுக்கு மூடி போடச் சொன்னேனே, முதலில் அதைச் செய்யுங்கள். தங்கச்சி ஃபீஸ் அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம்.

உங்கள் அன்பு மகள்